தனி உலை

வி.ஏ.ஓ. அம்மா வந்து சேருவதற்குள் யாரையாவது கொன்றுவிடுவோம் என்று இருந்தது செண்பகவல்லிக்கு. யாரை என்பதுதான் தெளியவில்லை. அருவாமணையில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். காய் எப்போதோ தீர்ந்துவிட்டது. கை நிற்க மாட்டேன் என்று காம்பையும் அரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்தது. அது அவள் வைத்த உலை. சாத்தியிருந்த நடுக்கதவுக்கு அந்தப்புறம், முன்னறையில், இன்னொரு உலை கொதித்தது. அது அவள் கொழுந்தன் வெயிலுமுத்து வைத்தது. அவள் வாக்கப்பட்டு வந்த நாள் முதலாக இந்த வீட்டில் ரெண்டு உலை கொதித்ததே கிடையாது. காதை அந்தக் கதவிலேயே ஒட்டவைத்துக்கொண்டு கேட்டாள். அரிசியைப் போட்டானா இல்லையா, களைஞ்சு போட்டானா அப்படியே கொட்டினானா, மூடியை ஓரமாத் தள்ளி வைக்கணும்னு அந்த மூதேவிக்குத் தெரியுமா தெரியாதா. தெரியாது. எப்படித் தெரியும், ஒரு நாள் அடுப்பு முன்னால நின்னுருப்பானா, நிக்க விட்டோமா. குழையட்டும். அடிப்பிடிக்கட்டும். பொங்கி வழிஞ்சு, அடுப்பு அணைஞ்சு, கேஸ் ரூமெல்லாம் பரவி, அவன் போய் லைட்டைப் போட்டு — அந்த இடத்தில் நினைப்பு காலை இழுத்துக்கொண்டு நின்றது, ஏனென்றால் அவள் தீயைப் பார்த்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீசில் மருந்து ரூம் தீப்பிடித்துக்கொண்ட அன்றைக்கு, கூட வேலை பார்த்த மாடத்தி வெளியே வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது, அது முந்தானை இல்லை, கைத்தோல். "தண்ணி இருக்கா செம்பகம்" என்று கேட்டாள், சாதாரணமாக, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பதைப் போலவே கேட்டாள். அந்தத் தீயில் கொழுந்தனை நிறுத்திப் பார்த்தாள் செண்பகவல்லி. நிறுத்த முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது. சனியன் பிடித்த மனசு, நிறுத்திவிட்டு, சட்டை எரிகிறதா என்று வேறு பார்த்தது. கத்தரிக்காய்க் காம்பு விரலில் முள்ளாகக் குத்தியபோதுதான் கையை எடுத்தாள்.

உள்ளே கட்டிலில் உலகநாதன் இருமினான். அவள் புருஷன். படுத்து இருமவில்லை, படுக்க முடியாது, மூன்று தலையணையைச் சுவரோரம் அடுக்கி அதில் சாய்ந்துதான் இருப்பான், ராத்திரியும் அப்படித்தான், பகலும் அப்படித்தான். சின்ன வயசில் வந்த ஏதோ காய்ச்சலாம், மூட்டெல்லாம் வீங்கும் காய்ச்சல், அது போகிறபோது நெஞ்சுக்குள் வால்வைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டதாம். இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது காட்டுகிறது. கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு மாஸ்டராக இருந்த மனுஷன், கொப்பரை முன்னால் நின்று கம்பிப் பதம் பார்த்து இறக்கினால் ஊரே பேர் சொல்லும், இன்றைக்குக் கக்கூசுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் உதடு நீலம் பாரித்துப் போகிறது. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கிறது, அமுக்கினால் குழி விழுகிறது, அந்தக் குழி நிரம்புவதற்கு நேரமாகிறது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் பையன் சொன்னான் — பையன்தான், மீசை கூட அடர்த்தி இல்லை — "அரசாங்கக் காப்பீட்டு அட்டை கொண்டு வாங்கம்மா, இங்கயே வால்வு மாத்திரலாம், உங்களுக்குச் செலவு இல்ல." அட்டை இல்லாட்டி என்று கேட்டாள். அவன் தொகையைச் சொன்னான். அந்தத் தொகை அவள் காதுக்குள் போகவில்லை, வெளியிலேயே நின்றுகொண்டது. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாள். அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தான். அந்தப் பேனாவைப் பிடுங்கி அவன் கண்ணில் குத்த வேண்டும் என்று தோன்றியது. நல்ல பையன், பாவம், அவன் என்ன செய்வான், இருந்தாலும் தோன்றியது. கண்ணில் குத்தி, இப்பச் சொல்லு எத்தன நாள்னு, என்று கேட்கவேண்டும். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உலகநாதனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அட்டை கிடைச்சாப் போதுமாம், ஒண்ணும் பயமில்லையாம்" என்றாள். அவன் நம்பினான். எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷனோடு குடும்பம் நடத்துவதே ஒரு கொடுமை.

குடும்பம். அந்தச் சொல்லைத்தான் வெட்டிப்போட வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர் சேர்மக்கனி அந்தச் சொல்லை வாயில் போட்டுக் குதப்பினான் பாருங்கள், வெற்றிலைச் சாறு மாதிரி. அட்டை வேண்டுமென்றால் வருமானச் சான்று வேண்டும், வருமானச் சான்றுக்கு எழுதிப்போட அவனிடம்தான் போயாக வேண்டும். ரேஷன் கார்டை வாங்கிப் புரட்டினான். "வெயிலுமுத்து யாரு?" "கொழுந்தன்." "என்ன பாக்கான்?" "காத்தாடி கம்பெனியில." மேற்கே பொட்டல் காட்டில் நிற்கிறதே பெரிய பெரிய காத்தாடி, கரண்ட் எடுக்கிறது, அதில் ஏறி ரிப்பேர் பார்க்கிற வேலை. "சம்பளம் பேங்க்ல ஏறுதா?" "ஏறுது." சேர்மக்கனி கார்டை மூடிவிட்டான். "போச்சு. ஒரே கார்டு, ஒரே குடும்பம். கார்டுல இருக்க அத்தன பேரு சம்பளத்தையும் கூட்டுவான். கூட்டினா வரம்பத் தாண்டிரும். மனு தள்ளுபடி." அவனே பிறகு வழியும் சொன்னான், சும்மா சொல்வானா. "தனி உலைன்னு காட்டணும்க்கா. வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து பாப்பாக. ரெண்டு அடுப்பு இருக்கணும், ரெண்டு உலை கொதிக்கணும். பக்கத்துல விசாரிப்பாக. ஆமா, தனித்தனியாத்தான் பொங்குதாகன்னு எதுத்த வீட்டுக்காரி சொல்லணும்." நாசமாப் போறவன், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். வீடு வரும்வரை அந்தச் சொல் கூடவே வந்தது. ஒரே குடும்பம். முத்து சம்பாதித்தால் ஒரே குடும்பம், முத்துவின் அண்ணன் நெஞ்சைக் கிழித்துத் தைக்க வேண்டுமென்றால் மட்டும் நீ தனி, உன் புருஷன் தனி. எவன் கூட்டுகிறான் இதையெல்லாம், எந்த ரூமில் உட்கார்ந்து கூட்டுகிறான், அந்த ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒரு குச்சியைக் கிழித்து உள்ளே போட்டால் என்ன. அவள் கட்டி அடுக்குகிற பெட்டியில்தானே குச்சி இருக்கிறது. நாள் முழுக்கக் கட்டுகிறாள், ஊரையே கொளுத்துகிற அளவுக்குக் கட்டியிருக்கிறாள், ஒரு நாளாவது வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்ததுண்டா.

எதுத்த வீட்டுக்காரி என்று சேர்மக்கனி பொதுவாகச் சொல்லிவிட்டான். எதுத்த வீட்டுக்காரி எஸ்தரக்கா. தங்கமான மனுஷி, ஆனால் சபையில் சேர்ந்ததிலிருந்து அவள் வாயில் பொய் வராது. விளையாட்டுக்குக்கூட வராது. அவளிடம் போய், அக்கா, இப்படி இப்படிச் சொல்லுங்க, எம் புருஷன் உயிரு என்று காலில் விழுந்தாலும், "ஜெபிக்கேன் செம்பகம், ஆனா ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காருல்லா" என்பாள். மற்ற வீட்டில் எல்லாம் பகலில் ஆள் கிடையாது, வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே வி.ஏ.ஓ. கேட்கப்போவது எஸ்தரக்காவைத்தான். எஸ்தரக்கா பொய் சொல்ல மாட்டாள் என்றால் அவளுக்கு அது மெய்யாகிவிட வேண்டும், அவ்வளவுதானே. இந்த யோசனை யாருக்கு வந்தது? உலகநாதனுக்கு. தலையணையில் சாய்ந்தபடி மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தெருவே கேக்கிற மாதிரி ஒரு சண்டை போடுங்க ரெண்டு பேரும்." கோயில் கொடைக்கு நாடகம் போட்டவன் அல்லவா, வசனம் கூடச் சொல்லிக்கொடுத்தான். "ஏட்டி, நீ என்ன செய்யுத, பொங்கிப் போட்டுப் போட்டுக் கை தேஞ்சு போச்சு, ஒத்தப் பைசா குடுத்திருக்கியாலன்னு எடுத்து விடு. ஏல முத்து, நீ குடுக்க முடியாது, என்ன செய்வேன்னு எகிறு. தட்டைத் தூக்கி வாசல்ல எறி வல்லி. நல்லாக் கேக்கட்டும்." முத்து தரையைப் பார்த்துக்கொண்டே, "அதெப்படிண்ணே, குடுக்க முடியாதுன்னு சொல்ல" என்றான். அவன் சம்பளம் ஏறினதும் எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்குத் திரும்பக் கேட்டு வாங்குகிறவன். "லே, நாடகம்லே" என்றான் உலகநாதன். நாடகம். சரி. முத்து பழைய ஒற்றை அடுப்பு ஒன்றை எங்கேயோ பிடித்துக் கொண்டுவந்தான், முன்னறையில் வைத்தான். நேற்றுச் சாயங்காலம் எஸ்தரக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவ ஆரம்பித்ததும் செண்பகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஆரம்பம் நாடகம்தான். அதில் சந்தேகமில்லை. பொங்கிப் போட்டுக் கை தேஞ்சு போச்சு, அது உலகநாதன் சொல்லிக்கொடுத்தது. ஒத்தப் பைசா குடுத்திருக்கியால, அதுவும் அவன் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அதைச் சொல்லும்போது முத்துவின் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். அந்த முகம் சுருங்கிப்போயிற்று. எகிற வேண்டியவன் எகிறாமல், "மதினி, அப்படிச் சொல்லாதீக" என்றான், மெதுவாக, மெய்யாகவே. எதிரே கீரை உருவுகிற கை நின்றுவிட்டது. பாவி, கெடுத்துவிடுவான், நான் மாசாமாசம் குடுக்கேன்ல என்று அடுத்த வார்த்தை வந்துவிட்டால் எஸ்தரக்கா அதைத்தானே வி.ஏ.ஓ.விடம் சொல்லுவாள். அந்தப் பயத்தில் அவள் குரல் ஏறியது. குரல் ஏறினால் கோபம் கூடவே ஏறும், அது உடம்பின் வழக்கம். திங்குததுக்கு மட்டும் வந்து உக்காருத, உங்க அண்ணன் சாகக் கிடக்கான், நீ பைக்கு வாங்கி ஓட்டுத — பைக் உலகநாதன் சொல்லிக்கொடுத்ததா? இல்லை. பைக் அவளாகச் சொன்னது. அந்த பைக்கை அவளும்தான் போய்ப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வந்தாள். அப்படியானால் அன்றைக்கும் அந்தக் கோபம் உள்ளே கிடந்ததா, எலுமிச்சம்பழத்துக்கு அடியில். முத்துவுக்கும் ஏதோ ஆகிவிட்டது. கண் கலங்கி, உதடு கோணி, "எங்கம்மா இருந்தா இப்படிச் சோத்தக் கணக்குப் பாப்பாளா" என்றான். அதுவும் சொல்லிக்கொடுக்காதது. அம்மா. அந்த அம்மா செத்தபோது இவன் மூக்கொழுகிக்கொண்டு நின்றான், குண்டி கழுவத் தெரியாத வயசு, யார் கழுவிவிட்டது. செண்பகவல்லி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது. "உன்னத் தூக்கிட்டு ஓடித்தான்ல எம் பிள்ள செத்துச்சு. என் வயித்துல இருந்த பிள்ள. உன்னால செத்துச்சுல." முத்து அவளையே பார்த்தான், பார்த்துவிட்டு, "நான் சொன்னேனா தூக்கிட்டு ஓடச் சொல்லி?" என்றான். கையில் தோசைக்கரண்டி இருந்தது, இரும்பு. அதை எப்போது எடுத்தாள், எதற்கு எடுத்தாள், தட்டைத்தானே எறியச் சொன்னான். கரண்டியின் ஓரம் அவன் புருவத்தில் இறங்கியது. எலும்பில் போய் முட்டிய உணர்வு அவள் மணிக்கட்டு வரை வந்தது. ரத்தம் கண்ணை மூடிக்கொண்டு வழிந்தது. ரெண்டாந்தரம் ஓங்கினாள். யாரும் பிடிக்கவில்லை, அவளாகத்தான் நிறுத்தினாள், அல்லது நிறுத்தவில்லை, அவன் விலகிவிட்டான். எது என்று காலையிலிருந்து யோசிக்கிறாள், பிடிபட மாட்டேன் என்கிறது.

நான் சொன்னேனா தூக்கிட்டு ஓடச் சொல்லி. அதை அவன் எப்படிச் சொன்னான்? அங்கேதான் சுற்றிச் சுற்றி வந்து இடித்துக்கொள்கிறது நினைப்பு. நாடகம் என்று நினைத்து, மதினி புதுசாக ஒரு வசனம் விடுகிறாள், நாமும் ஒன்று விடவேண்டும் என்று சொன்னானா. அல்லது மெய் என்று தெரிந்துகொண்டு, அந்தக் கணத்தில் தெரிந்துகொண்டு, சொன்னானா. முதலாவது என்றால் அவன் மேல் தப்பே இல்லை, அடித்தது அவள் பாவம். ரெண்டாவது என்றால் அவனைக் கொன்றே போட்டிருக்கலாம். அவனுக்குத் தெரிந்திருக்க வழி இல்லை. யாருக்குமே தெரியாது. அன்றைக்கு பந்த்; பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, உச்சி வெயில். உலகநாதன் அப்போது புனலூரில் ஒரு பட்டறையில் இருந்தான், மாசத்துக்கு ஒருதரம் வருவான். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது, ரெண்டு மாசம் தாண்டிவிட்டது, வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தாள். நேரில் சொல்லிக்கொள்ளலாம், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தாள். முத்துவுக்குக் காய்ச்சலில் வெட்டு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, பல் கிட்டி, உடம்பு விறைத்து. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். சின்னப் பிள்ளை என்று பேர், எலும்பும் சதையுமாக நல்ல கனம், அவன் கால் அவள் வயிற்றிலே அடித்துக்கொண்டே வந்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் அவனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டான். அவள் ஆஸ்பத்திரிக் கக்கூசில் போய் உட்கார்ந்தாள். கூட்டுகிற ஆயா எட்டிப் பார்த்து, "என்னம்மா, தீட்டா?" என்று கேட்டாள். ஆமா என்றாள். கழுவிவிட்டு வந்து முத்துவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அவன் கண் விழித்து, "மதினி, பசிக்கி" என்றான். ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் அவளுக்கு எதுவும் தரிக்கவில்லை. உலகநாதன் மாசக்கடைசியில் வந்தபோது, பையன் பிழைத்தானே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கையை உதறிவிட்டுச் சொல்லியிருக்கலாம். அழுகிறவனிடம் என்ன சொல்ல. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று வருஷம் போய்விட்டது. சாமியெல்லாம் சுற்றினாள், உலகநாதனும் கூடவே வந்து சுற்றினான். உனக்கு ஏன் தரிக்க மாட்டேங்கு என்று ஒருநாள்கூட அவன் கேட்டதில்லை. கேட்காததற்காகவும் அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

நேற்று ரத்தத்தோடு முத்து பைக்கை எடுத்துக்கொண்டு தையல் போடப் போன பிற்பாடு உலகநாதன் அவளை உள்ளே கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "வல்லி, பின்னிட்ட. பிள்ள செத்துப்போச்சுன்னு ஒரு போடு போட்டியே, அத நான் சொல்லித் தரலயே, எங்கருந்து பிடிச்ச? எஸ்தரக்கா கீரையத் தட்டோட கீழ போட்டுட்டா." சிரித்து, இருமி, நீலமாகி, மறுபடியும் சிரித்தான். "கரண்டியால தொடாம இருந்திருக்கலாம். போகட்டும், அதுவும் நல்லதாப் போச்சு, பாக்கிறவனுக்கு நம்பிக்கை வரும்." செண்பகவல்லி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவுகிற அந்தக் கைக்குத் தலையணை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு தலையணை போதும், அவனுக்கு இருக்கிற மூச்சுக்கு. இந்த மனுஷன் உயிருக்காகத்தான் இத்தனையும். இவனை வைத்துக்கொள்ளத்தான் அவனை அடித்தாள். இவனையே அமுக்கிவிட்டால் அட்டையும் வேண்டாம், சான்றும் வேண்டாம், வருமானமும் வேண்டாம், உலையும் வேண்டாம். நினைத்துவிட்டு, முதுகைத் தடவுவதை நிறுத்தாமல், "மாத்திரை போட்டீகளா" என்று கேட்டாள். காலையில் முத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டான். புருவத்தில் வெள்ளைக் கட்டு, கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. ஒன்றும் பேசாமல் முன்னறையில் அடுப்பைப் பற்றவைத்தான். பேசக் கூடாது, அதுதானே ஏற்பாடு, வி.ஏ.ஓ. வந்து போகிறவரைக்கும் ரெண்டு பேரும் பேசக் கூடாது. ஏற்பாட்டுக்குப் பேசாமல் இருக்கிறானா, மெய்யாகவே பேசாமல் இருக்கிறானா, கதவு மூடியிருந்தால் எப்படித் தெரியும். ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. அவன் உலை பொங்கி வழிந்து அடுப்பில் விழுந்து சீறியது. எழுந்து போய் மூடியைத் தள்ளிவிடக் கால் துடித்தது. போனால் கட்டை அவிழ்த்துக் காயத்தையும் பார்க்கத் தோன்றும், பார்த்தால் அழுகை வரும், அழுதால் எஸ்தரக்கா பார்ப்பாள். உட்கார்ந்தே இருந்தாள். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

வி.ஏ.ஓ. அம்மா சின்ன வயசுக்காரி. ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கூப்பிடாமலே எஸ்தரக்கா தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். "நேத்து வெட்டுக்குத்தே நடந்து போச்சும்மா இங்க. கூடப் பிறந்த பிறப்பு, பாருங்க பயலோட மூஞ்சிய. தனித்தனியாத்தான் பொங்குதாக, நான் கண்ணால பாத்தேன்." எஸ்தரக்காவுக்கு மெய்யாகவே கண்ணீர் வந்தது. வி.ஏ.ஓ. முத்துவின் கட்டைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, போலீசுக்குப் போனீங்களா?"

"வழுக்கி விழுந்துட்டேன் மேடம்."

"அண்ணன் வீட்டுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

முத்து அடுப்பைப் பார்த்தான். "இல்ல" என்றான். செண்பகவல்லி நடுக்கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது ஏற்பாட்டில் உள்ள பதில்தான், எழுத்துப் பிசகாமல் அதே பதில்தான்.

வி.ஏ.ஓ. உள்ளே போய் உலகநாதனைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்ததை வாசித்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "கவலப்படாதீங்க. நாளைக்கே தாசில்தார் ஆபீசுக்கு ஏத்திவிட்டுர்றேன்." போனை எடுத்துத் தட்டிக்கொண்டே கேட்டாள். வீட்டுக்காரருக்கு இப்ப வருமானம் இல்ல. உங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கூலி, சரி. "பிள்ளைங்க?"

செண்பகவல்லி, "இல்ல" என்றாள்.

வி.ஏ.ஓ. அதைத் தட்டினாள். "அவ்வளவுதாம்மா. வரம்புக்குக் கீழதான் வருது."

செண்பகவல்லிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. "ரெண்டு உலையையும் பாக்கலியேம்மா" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். "அவன் அடுப்பு அங்க, எங்க அடுப்பு இங்க."

"உலையா?" வி.ஏ.ஓ.வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும்மா சொன்னா? அது புதுசா ரேஷன் கார்டு பிரிச்சுக் கேட்டா பாக்குறது. இது அதில்ல. காப்பீட்டு அட்டைக்குக் குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, உங்கள நம்பி இருக்கிற தாய் தகப்பன், அவ்வளவுதான். தம்பி எவ்வளவு சம்பாதிச்சாலும் இதுல சேராது. நீங்க சேந்து பொங்கினா என்ன, தனியாப் பொங்கினா என்ன, எங்களுக்கு ஒண்ணுதான்." வாசலுக்குப் போய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "தம்பி, அந்தக் காயத்துல தண்ணி படாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கூட்டி தெருமுனை திரும்புவதற்குள் உலகநாதன் கையைத் தட்டினான். கிடைச்சிருச்சு வல்லி, கிடைச்சிருச்சு. சேர்மக்கனி என்ற மடப்பயலை நம்பி என்னவெல்லாம் செய்தோம் என்று சிரித்தான், இருமினான். ஜன்னல் வழியாக எஸ்தரக்காவைக் கூப்பிட்டு, அது முழுக்க நாடகம், நாந்தான் வசனம் எழுதினேன், மன்னிச்சுக்கிடுங்க என்று ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். "ஏல முத்து, அடுப்ப அணைச்சிட்டு உள்ள வாலே, நாடகம் முடிஞ்சது." புருஷன் பிழைத்துவிடுவான். அது அவள் உடம்பு முழுக்கப் பரவியது, சுவரில் சாய்ந்துகொண்டாள். பிழைத்துவிடுவான், நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றித் தைத்துவிடுவார்கள், மறுபடியும் கொப்பரை முன்னால் போய் நிற்பான். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே கரண்டி ஓரம் எலும்பில் முட்டியது மறுபடியும் மணிக்கட்டுக்கு வந்தது. எதற்கும் இல்லாத அடி. கூட்டலிலேயே வராத சம்பளத்துக்காக ஓங்கிய கை. முன்னறைக்குப் போனாள். முத்து குழைந்துபோன சோற்றை வடிக்கத் தெரியாமல் பானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குடு தம்பி, நான் வடிக்கேன்" என்றாள்.

அவன் கொடுக்கவில்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். கோபமில்லை, தெரியாததைக் கேட்கிற முகம்தான்.

"அப்ப எதுக்கு மதினி அடிச்சீக?"

நாடகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் சொல்லிவிட்டால் சரி என்று பானையைக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவான், அப்படிப்பட்ட பையன். அவள் அந்த வார்த்தையைத்தான் தேடினாள். வாய்க்குள் அது இல்லை.

"எம் பிள்ளைக்காக அடிச்சேன்" என்றாள். "மெய்யாவே இருந்துச்சுல. நீ பிழைச்ச அன்னைக்குப் போச்சு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. உள்ளே உலகநாதன் ஜன்னலில் எஸ்தரக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.